பேயைப் பார்த்துச் சிரித்த பிள்ளை

எங்கள் வீட்டில் மஃரிப் பாங்கு சொல்லுமுன்பே பின்கதவைப் பூட்டிவிடுவோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பின்வளவில் நாலைந்து தென்னைகள், மூலையில் மலசலகூடம். இரவில் ஒருவர் வெளியே போவதென்றால் இன்னொருவரை எழுப்ப வேண்டும். என் மகளின் மகனுக்கு எட்டு வயது. எழுப்புவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்து, பாயை நனைத்துவிடுவான். காலையில் பாயை வேலியில் காயப் போடும்போது மகள் ஏசுவாள்.

"இவ்வளவு பெரிய ஆம்பிளப் புள்ள, என்னத்துக்கு மனே பயம்?"

அவனிடம் பதில் இருக்காது. பதில் என்னிடம்தான் இருந்தது.

நாமே வளர்த்த பேய்கள்

சகோதரிகளே, எமது ஊர்களில் பேயைச் சொல்லித்தானே பிள்ளைகளுக்குச் சோறு தீத்துகிறோம்? "தின்னாட்டி பேய்க்கிட்டக் குடுத்துருவன்" என்று சொல்லாத தாய் கல்முனையிலும் இல்லை, மருதமுனையிலும் இல்லை. ஜின் பற்றிய நம்பிக்கை எமது மார்க்கத்துடன் சேர்ந்தது. அதைப்பற்றி நான் இங்கு பேசவில்லை. பிள்ளையை அடக்குவதற்காக நாமே கட்டிவிட்ட பேய்களைப்பற்றித்தான் பேசுகிறேன்.

1990 ஆம் ஆண்டு அந்தப் பேச்சு மாறியது. பேய் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. "வெளிய ஆக்கள் நடமாடுறாங்க" என்றாலே போதும். அப்போது என் மகளுக்கு இரண்டு வயது. லாம்பை நூர்த்துவிட்டு, அவள் அழாமலிருக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த இரவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. தென்னோலை கூரையில் விழுந்தாலும் ஆள் குதித்த சத்தம் போலிருக்கும்.

பின்னர் 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. எமது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மரணித்தார்கள். அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் இரவில் அழுகுரல் கேட்பதாகப் பலரும் சொன்னார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில், 2011 ஆகஸ்டில், நோன்பு மாதத்தில் கிறீஸ் பூதம் வந்தது. உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வந்து பெண்களைக் காயப்படுத்துகிறார்கள் என்ற பீதியில் கிழக்கின் பல ஊர்கள் உறக்கமின்றிக் கிடந்தன. ஆண்கள் தெருவில் விழித்திருந்தார்கள். பெண்கள் நாலைந்து குடும்பமாக ஒரே வீட்டில் படுத்தோம்.

இவை ஒன்றையும் பேரப்பிள்ளை கண்டதில்லை. ஆனால் பின்கதவைப் பூட்டும் என் கையை அவன் தினமும் கண்டிருக்கிறான்.

எலும்புக்கூடு ஆடுகிறது

ஒருநாள் அஸருக்குப் பின் அவன் தாயின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"மூத்தம்மா, இதப் பாருங்க, எலும்புக்கூடு ஆடுது!"

எனக்குக் கோபம் வந்தது. பயந்து பாயை நனைக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று போனைப் பறிக்கப் போனேன். ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். பெயர் 'எலும்புக்கூட்டு நடனம்'. 1929 இல் அமெரிக்காவில் வோல்ட் டிஸ்னியின் நிறுவனம் வெளியிட்டது. ஐந்தரை நிமிடம்தான். பேச்சே இல்லை, இசை மட்டும். இரவு, காற்று, ஓர் ஆந்தை. மரக்கிளையின் நிழல் கைபோல நீள ஆந்தை நடுங்குகிறது. நாய் நிலவைப் பார்த்து ஊளையிடுகிறது. மையவாடியில் இரண்டு கறுப்புப் பூனைகள் சண்டை பிடிக்கின்றன. அவற்றின் நடுவே ஓர் எலும்புக்கூடு எழும்புகிறது. பூனைகள் ஓட்டம்.

இதுவரை பயம்தான். அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஆந்தை கத்துகிறது, எலும்புக்கூடு திடுக்கிடுகிறது! தன் மண்டையோட்டையே கழற்றி ஆந்தைக்கு எறிகிறது. பேய்க்கும் பயம் இருக்கிறது என்று கண்டதும் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு நாலு எலும்புக்கூடுகள் கைகோத்து ஆடுகின்றன. ஒன்று மற்றதன் முள்ளந்தண்டை வாத்தியமாக்கித் தட்டுகிறது. பூனையின் வாலையும் இழுத்து வாசிக்கிறார்கள்.

கடைசியில் சேவல் கூவுகிறது. எலும்புக்கூடுகள் பதறியடித்து ஒன்றோடொன்று மோதி, ஒரே குவியலாகி, கபுறுக்குள் பாய்கின்றன. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே மறந்துபோய்க் கிடக்கின்றன. ஒரு கை வந்து அவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

"சுபஹ் ஆயிட்டு மூத்தம்மா, அதுகள் பயந்து ஓடுதுகள்!" என்றான்.

யார் வரைந்தார்கள்?

இதை ஒருவர் உட்கார்ந்து கையால் வரைந்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு இன்னும் ஆச்சரியம். பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். எலும்புக்கூடுகளை ஆடவிடும் யோசனையைச் சொன்னவர் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டோலிங். படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஐந்தரை நிமிடத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 8,000 சட்டங்கள். அந்தப் பேய் ஒரு அடி எடுத்து வைப்பதென்றால் முதலில் ஒரு மனிதன் பென்சிலை எடுக்க வேண்டும். அவன் எடுக்காவிட்டால் பேய் அசையாது.

அது வெளிவந்த வருடம் ஒக்டோபரில்தான் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. பெரும் பஞ்சம் தொடங்கி இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த வருடங்களில்தான் பேயும் மண்டையோடும் ஆடும் கார்ட்டூன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நியூயோர்க்கில் மெக்ஸ் பிளைஷர் என்பவரின் நிறுவனம் இதில் கெட்டித்தனம் காட்டியது. பிளைஷர் போலந்தின் கிராகோவில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் குடிபெயர்ந்து வந்தவர். நடிகர் ஆடுவதைப் படம்பிடித்து, அதன்மேல் வைத்து வரையும் கருவியைக் கண்டுபிடித்தவரும் அவரே.

1932 இல் அவர்கள் எடுத்த 'மினி த மூச்சர்' எனும் படத்தில் பெட்டி பூப் என்ற பெண்பிள்ளை, சாப்பிட மறுத்துப் பெற்றோரிடம் ஏச்சு வாங்கி வீட்டை விட்டு ஓடுகிறாள். ஒரு குகையில் ஆவிகள் வந்து பாடுகின்றன. வோல்ரஸ் உருவிலுள்ள பெரிய ஆவியின் ஆட்டம், கெப் கலோவே என்ற கறுப்பின இசைக் கலைஞரின் உண்மையான ஆட்டத்தைப் பார்த்து வரையப்பட்டது. பயந்த பெட்டி வீட்டுக்கு ஓடிவந்து போர்வைக்குள் புகுந்துகொள்கிறாள். அந்த வீட்டிலும் சோற்றுக்குச் சண்டைதான் என்று பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தப் படங்களுக்குப் பின்னால் பெண்களும் இருந்தார்கள். தாளில் வரைந்ததை, கண்ணாடி போன்ற செலுலொயிட் தாளில் மையால் பிரதி எடுத்து நிறம் பூசும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. திரையில் அவர்களின் பெயர் வராது. பிளைஷரின் நிறுவனத்தில் அந்த நிலையிலிருந்து முன்னேறி, 1930 களில் படங்களை அசைய வைக்கும் ஓவியராகவே வந்தவர் லிலியன் ஃப்ரீட்மன். அமெரிக்கக் கார்ட்டூன் நிறுவனங்களில் அப்படி வந்த முதல் பெண்களில் ஒருவர். அவருக்கும் ஆண்களைவிட மிகக் குறைந்த சம்பளம்தான். பெயர் வராத வேலை எது என்று எமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

கொப்பியில் வந்த பூதம்

மறுநாள் பேரன் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்பக்கத்தில் எதையோ வரைந்தான். மலசலகூடம், தென்னை, அதன் பின்னால் கறுப்பாக நெடிய ஓர் உருவம். "இது ஆரு வாப்பா?" என்று கேட்டேன். "நீங்க கதவப் பூட்டுறது இவருக்குத்தானே?" என்றான். சற்று யோசித்துவிட்டு, அந்த உருவத்துக்குப் பெரிய தொப்பி ஒன்றும், காலுக்கு ஒற்றைச் செருப்பும் வரைந்தான். மற்றச் செருப்பு தொலைந்துவிட்டதாம். பூதம் அதைத் தேடித்தான் இரவில் வருகிறதாம்.

என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. முப்பத்தைந்து வருடமாக நான் வாய் திறக்காத ஒன்றுக்கு அந்தப் பிள்ளை முகம் வரைந்துவிட்டான்.

அன்றிரவு மகளிடம் சொன்னேன். 1990 இல் அவள் வாயை நான் எப்படிப் பொத்தினேன், மூச்சு நின்றுவிட்டதோ என்று கையை எடுத்து எடுத்துப் பார்த்தது, கதவைப் பூட்டும்போது இன்றைக்கும் எனக்குக் கேட்கிற சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இதையெல்லாம் ஏன் உம்மா இவ்வளவு நாளாச் சொல்லல்ல?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பாய் நனைந்தால் அவள் ஏசுவதில்லை.

பாய் நனைவது அன்றோடு நின்றுவிடவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது. இப்போது அவன் வெட்கப்படாமல் என்னை எழுப்புகிறான். டோர்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் போகிறோம். "செருப்பத் தேடுறார் போல" என்று சில நாளில் அவனே பகிடி விடுகிறான்.

உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால்

'எலும்புக்கூட்டு நடனம்' 2025 ஜனவரி முதல் அமெரிக்காவில் உரிமைக் கட்டுப்பாடின்றிப் பொதுவுடைமையாகிவிட்டது. ஆயினும் அக்காலப் படங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. சிலவற்றில் குடியும் புகையும் உண்டு. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் காட்சிகளும் உண்டு. முதலில் நீங்கள் பாருங்கள். பிறகு பகலில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். பிள்ளை முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுங்கள். மரணத்தையோ சடலத்தையோ நேரில் கண்ட பிள்ளைக்கு இவற்றைக் காட்ட வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள், அது போதும். என்ன வரைந்தாலும் ஏசாமல், "இது ஆரு?" என்று கேளுங்கள். பயமும் கனவும் பல வாரம் தொடர்ந்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. எமக்கும் அங்கே போகலாம்.

இன்னும் ஒன்று. சோறு தீத்தும்போது பேயைக் கூப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுவோம். கூப்பிடுவது இலேசு. திருப்பி அனுப்ப எனக்கு முப்பத்தைந்து வருடமும் ஒரு பிள்ளையின் பென்சிலும் தேவைப்பட்டன.