கட்டுரை எழுதியது யார்?

குழந்தைகளே... நீலகிரி மலையில் ஒரே வகுப்பறைக்குள் எத்தனை மொழிகள் இருக்கும் தெரியுமா? வீட்டில் படுகு பேசும் பிள்ளை, தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழி பேசும் பிள்ளை, கூடலூர் பக்கம் என்றால் மலையாளம் பேசும் பிள்ளை! இவர்களுக்கு, பள்ளிக்கு வந்த பின் தமிழ், அப்புறம் ஆங்கிலம். அதில் இரண்டு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னால், மலைப்பாகத் தானே இருக்கும்?

இதற்கு ஒரு குறுக்கு வழி வந்து விட்டது. நவம்பர் 30, 2022ல் வெளியான, 'சாட்ஜிபிடி' போன்ற செயற்கை நுண்ணறிவு கருவிகள், தலைப்பைக் கொடுத்ததும், நொடியில் கட்டுரையை நீட்டி விடுகின்றன.

'பிழையைக் காட்டுகிறது, சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. திட்டாத வாத்தியார் கிடைத்தது போல் இருக்கிறது' என்கின்றனர், மொழி கற்போரில் சிலர். 'எல்லாவற்றையும் அதுவே எழுதினால், நான் எப்போது எழுதப் பழகுவது?' என்று கேட்கின்றனர், வேறு சிலர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'இது கருவி எழுதியதா' என்று கண்டுபிடிக்கவும் மென்பொருட்கள் இருக்கின்றன. 2023ல், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்படிப்பட்ட ஏழு மென்பொருட்களைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள், தாங்களே எழுதிய, 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாக, 61 சதவீதத்தை, 'கருவி எழுதியது' என்று தவறாகச் சொல்லி விட்டன!

காரணம் என்ன? புதிதாக மொழி கற்போர், தெரிந்த எளிய சொற்களையே திரும்பத் திரும்ப எழுதுவர். அடுத்த சொல் என்ன என்பதை ஊகித்து விடலாம். கருவியின் எழுத்தும் அப்படித்தான். பாவம், உழைத்தவர் தலையில் பழி!

கனடாவில் பிறந்த எமனோ என்ற மொழியியல் அறிஞர், 1935ல் இந்தியா வந்து, மூன்று ஆண்டுகள் தங்கினார். நீலகிரியில், தனி எழுத்து இல்லாத தோடர், கோத்தர் மொழிகளை, பேசுவோர் அருகில் அமர்ந்து, கேட்டுக் கேட்டு எழுதிக் கற்றார். தோடர் பாடல்களை, 1971ல் நூலாகவே வெளியிட்டார். கருவிகளோ, ஏற்கனவே எழுதி வைத்தவற்றைப் படித்தே கற்கின்றன. அதிகம் எழுதப்படாத உங்கள் வீட்டு மொழியும், உங்கள் ஊர்க் கதையும் அவற்றுக்கு எப்படித் தெரியும்?

எனவே, முதலில் ரப் நோட்டில் நீங்களே எழுதுங்கள். அப்புறம், பிழை எங்கே என்று மட்டும் கருவியிடம் கேளுங்கள்; திருத்துவது உங்கள் கையாக இருக்கட்டும். கருவியின் உதவி பெற்றதை ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அடித்துத் திருத்திய அந்த ரப் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். 'நீயா எழுதினாய்?' என்று யாராவது கேட்டால், அது தான் உங்கள் சாட்சி!