பட்டு ஊரில் பாட்டு வாத்தியார் எங்கே? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அரசாங்கக் காசு எட்டவில்லை!

காஞ்சிபுரத்தில் பட்டுக்கு ஒரு கால் போட்டால் பாட்டு! இரண்டுக்கும் பேர் போன ஊர் இது. காந்தி ரோடு நெடுகப் பட்டு. கோயில் வாசலுக்கு வாசல் நாதசுரமும் தவிலும்.

ஆனால் பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒன்று அரசுத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேருகிறது என்று வையுங்கள். அதற்குப் பாட்டுச் சொல்லித் தர அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்த வாத்தியார் உண்டா? கிடையாது. தொடக்கப்பள்ளியின் வழக்கமான பணியிடக் கணக்கில் அப்படி ஓர் இடமே இல்லை!

அரசாங்கம் பாட்டுக்குக் காசு செலவழிக்கவில்லையா? செலவழிக்கிறது. அந்தக் காசு பிள்ளைக்குப் பதினோரு, பன்னிரண்டு வயசு ஆன பிறகுதான் வந்து சேருகிறது. அதுதான் சங்கதி!

சதாவரத்துப் பள்ளி

காஞ்சிபுரத்தில் ஓரிக்கை பக்கம் சதாவரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. தமிழ்நாட்டில் இப்படி 17 மாவட்ட இசைப்பள்ளிகள். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். மூன்று வருஷப் படிப்பு. கட்டணம் சொற்பம். மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு.

நல்ல ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேர்க்கை அறிவிப்பைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். வயது 12 முதல் 25 வரை. குரலிசை, பரதம், வயலின், மிருதங்கம் வேண்டுமானால் ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆக, ஐந்து வயசுப் பிள்ளை ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும்! காது நன்றாகத் திறந்திருக்கிற வயசு, கேட்டதைக் கேட்டபடி பாடுகிற வயசு அத்தனையும் வெளியே நின்றே கழிந்துவிடும்.

'ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. அங்கே 5 வயது முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது விடுமுறை நாள் வகுப்பு. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும். சனிக்கிழமை தறியை நிறுத்தினால் கூலி போச்சு!

சட்டமும் ஆறாம் வகுப்பில்தான்!

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று அதன் அட்டவணை கணக்குச் சொல்கிறது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர். 90 பிள்ளைகள் என்றால் மூன்று. இப்படியே போகிறது. கலைக்கு என்று தனி ஆள் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை? அங்கே 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேர ஆசிரியர் உண்டு!

இதை ஒட்டித்தான் தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். உடற்கல்விக்கு 5,392 பேர். ஓவியத்துக்கு 5,253 பேர். மிச்சம் 5,904 பேர் தொழிற்கல்வி. அந்த மூன்றாவது மூட்டைக்குள்ளேதான் கணினி, தையல், தோட்டக்கலை எல்லாவற்றோடும் இசையையும் சேர்த்துக் கட்டினார்கள். தோட்டத்துக்கும் தையலுக்கும் நடுவிலே பாட்டு! அதுவும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான்.

2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் 1,325 பேருக்கு அறிவிப்பு விட்டது. அதில் இசைக்கு எத்தனை இடம் தெரியுமா? 86! மாநிலம் முழுமைக்கும் 86.

வகுப்பு இல்லை, போட்டி உண்டு!

நியாயத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளியில் பாட்டே இல்லை என்று சொன்னால் அது பொய். 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆடல் பாடலுக்கு வகுப்பறையிலேயே இடம் வைத்தார்கள். டீச்சர் பாடுகிறார், பிள்ளைங்க சேர்ந்து பாடுகிறார்கள். எழுத்தும் எண்ணும் மனசில் ஏறப் பாட்டு ஒரு ஏணி. அதில் தப்பில்லை. ஆனால் ஏணியில் ஏறி எட்ட வேண்டிய பாட்டு என்று ஒன்று இருக்கிறதல்லவா? சுருதி சேர்ப்பது, தாளம் போடுவது, ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடிப்பது. அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். இரண்டு ஆசிரியர் இருக்கிற பள்ளியில், ஒரே டீச்சர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கிற இடத்தில், அவரிடம் போய் சரளி வரிசையையும் கேட்பது என்ன நியாயம்?

அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2024-25 கல்வியாண்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கும் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் வகுப்பு எடுக்காமல் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்? வீட்டிலே பாட்டு டியூஷன் வைக்கிற பிள்ளைதான்!

இதுதான் விஷயத்தின் அடிப்படை. மேளக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வீடே பள்ளிக்கூடம். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன். இரண்டும் இல்லாத பிள்ளைக்கு? அதற்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு வாசல் கிடையாது.

பத்து வயசில் இசைத்தட்டு

பள்ளிக்கூடம் ஒரு குரலை வெளியே கொண்டுவர முடியுமா? முடியும். அதற்குச் சாட்சி இதே காஞ்சிபுரம்தான்.

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலைச் சேர்ந்த குடும்பத்தில் 1919-ல் பிறந்தவர் டி.கே.பட்டம்மாள். பெயருக்கு முன்னால் இருக்கிற 'டி' தாமலைக் குறிப்பது. அவருடைய தாயாருக்கு நன்றாகப் பாட வரும். ஆனால் நாலு பேர் கேட்கப் பாடக்கூடாது என்று அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. அந்தக் குரல் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது.

மகள் கதை வேறு. பள்ளிக்கூட நாடகத்தில் பாடி நடித்தார். அது வெளியே தெரிந்தது. பள்ளித் தலைமையாசிரியை ஊக்கம் கொடுத்தார். இசைத்தட்டுக் கம்பெனி தேடி வந்தது. சுமார் பத்து வயதில் இசைத்தட்டு! பின்னாளில் 1970-ல் சங்கீத கலாநிதி. 1998-ல் பத்மவிபூஷண். மேடையில் பெண்கள் ராகம் தானம் பல்லவி பாடத் துணியாத காலத்தில் துணிந்து பாடியவர்.

அந்தத் தாள பலம் எங்கிருந்து வந்தது? அவர் சிறுமியாக இருந்தபோது காஞ்சிபுரத்தில் கொடிகட்டிப் பறந்தவர் நாயனா பிள்ளை (1889-1934). லயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை வரிசையாக உட்கார வைத்து 'புல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த காது அது.

சின்ன வயசில் காதில் விழ வேண்டும். பள்ளிக்கூடம் தட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததால் ஒரு பட்டம்மாள் கிடைத்தார். அவர் தாயாருக்கு அது வாய்க்கவில்லை.

தறியிலும் கோர்வை, தாளத்திலும் கோர்வை!

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் பிரியாமல் பின்னிக்கொள்ளும். மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தை முடிக்கிற இடத்துக்குப் பேரும் கோர்வைதான்!

தறியில் கோர்வை போட நெசவாளி ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை வெகுகாலம் சின்னப் பிள்ளையின் கையாக இருந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்குப் பிள்ளையைத் தறிக்கு அனுப்பிய கொடுமையை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பிறகு சட்டம் வந்தது. சோதனை வந்தது. தொழிலில் இருந்து மீட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் திறந்தார்கள். அரசாங்கக் காசு செலவழித்துத்தான் பிள்ளைகளைத் தறியில் இருந்து பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள்.

பள்ளிக்கு வந்தால் சாப்பாடு உண்டு. 2022 செப்டம்பர் 15 முதல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டித் திட்டமும் வந்தது. ஆக, சின்ன வகுப்புக்கு முதலில் செலவு செய்ய வேண்டும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. வயிற்றுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கியவர்கள் காதுக்கு மட்டும் ஏன் ஆறாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்?

'படிப்பே வரலே, பாட்டு எதுக்கு?'

டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். 'பாட்டுக் கத்துக்கிட்டா கணக்கு நல்லா வரும்' என்று பதில் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பதிலை நம்பி இறங்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. மொஸார்ட் என்ற மேதையின் இசையைப் பத்து நிமிஷம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைப் புதிரை நன்றாகச் செய்தார்கள் என்று 1993-ல் ஓர் ஆய்வு வந்தது. சோதித்தது 36 பேரை. அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது. ஆனால் 'மொஸார்ட் கேட்டால் மூளை வளரும்' என்று ஊரெல்லாம் பேச்சு. 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் ஜெல் மில்லர், பிறக்கிற குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு இசைத்தட்டு கொடுக்க வருஷத்துக்கு 1,05,000 டாலர் ஒதுக்கலாம் என்று யோசனை சொன்னார்! பிறகு வேறு ஆட்கள் சோதித்துப் பார்த்ததில் அந்த மாயம் நிலைக்கவில்லை.

ஆகவே மார்க்குக்காகப் பாட்டு என்று கேட்கக்கூடாது. பாட்டு என்பதற்காகவே கேட்க வேண்டும். தமிழும் கணக்கும் போல அதுவும் பிள்ளைக்குச் சேர வேண்டிய சொத்து. கோயில் வாசலில் நாதசுரம் கேட்கும்போது 'இது இன்ன ராகம்' என்று புரிந்து நிற்கிற பிள்ளைக்கும், ஒன்றும் புரியாமல் தாண்டிப் போகிற பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டா இல்லையா?

மேதை பிறந்த ஊரில் ஒரு பள்ளி

ஹங்கேரி நாட்டில் கெச்கெமேட் என்று ஒரு ஊர். கொடாய் என்ற இசை மேதை 1882-ல் பிறந்த இடம். பிள்ளைகளுக்கு வாத்தியம் வாங்கிக்கொடுப்பது அப்புறம், முதலில் தொண்டைதான் வாத்தியம் என்பது அவர் கொள்கை. 1950-ல் அந்த ஊரிலேயே 'பாட்டுத் தொடக்கப்பள்ளி' ஒன்று தொடங்கினார்கள். தினசரி பாட்டு வகுப்பு. நடுத்தெருப் பிள்ளைக்கும் உண்டு, பணக்காரப் பிள்ளைக்கும் உண்டு. அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் அந்த நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகள் நூறைத் தாண்டின.

இங்கிலாந்தில் அரசுப் பாடத்திட்டத்தில் ஐந்து வயதிலேயே இசை கட்டாயப் பாடம்.

கெச்கெமேட்டுக்கு ஒரு கொடாய் என்றால் காஞ்சிக்கு ஒரு நாயனா பிள்ளை. அவர்கள் தொடங்கினார்கள், நாம் தொடங்கவில்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எவ்வளவு ஆகும்? பகுதிநேர ஆசிரியருக்கு மாதம் 12,500 ரூபாய் என்று 2023-ல் அறிவித்தார்கள். அது வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்கு. வாரம் முழுக்க வேலை என்றால் அதை இரட்டித்து 25,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3 லட்சம்.

அவர் ஒரே பள்ளியில் உட்கார வேண்டாம். அரைநாளுக்கு ஒரு பள்ளி என்று சுற்றினால் ஐந்து நாளில் பத்துப் பள்ளி. பள்ளிக்கு 30,000 ரூபாய். பள்ளியில் 60 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 500 ரூபாய்! காந்தி ரோட்டில் 500 ரூபாய்க்குப் பட்டுப்புடவையின் முந்தானை கூடக் கிடைக்காது.

ஆள் கிடைக்குமா? சதாவரத்து இசைப்பள்ளியில் படித்து முடித்து வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்களே! அரசாங்கம் தன் காசிலேயே படிக்க வைத்த ஆட்கள். அவர்களைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பினால் போட்ட காசு இரண்டு தரம் பயன்படும்.

பட்டுக்கடை முதலாளிகள் மனசு வைத்தால் பள்ளிக்கு ஒரு சுருதிப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம். நல்ல காரியம். ஆனால் நன்கொடையில் பெட்டிதான் வரும், மாதச் சம்பளம் வராது. பெட்டி பாடாது, வாத்தியார்தான் பாட வேண்டும். அதற்கு பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

பெற்றோர் கையில் இருப்பது

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். சுண்ணாம்பு அடிக்கணும், குழாய் சரியில்லை என்றெல்லாம் அங்கே தீர்மானம் போடுகிறார்கள். அதோடு 'எங்கள் பள்ளிக்கு வாரத்தில் அரைநாள் பாட்டு வாத்தியார் வேண்டும்' என்று இன்னொரு வரி சேர்த்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு பள்ளி கேட்டால் காகிதம். காஞ்சிபுரத்துப் பள்ளிகள் எல்லாம் கேட்டால் கோரிக்கை!

கேட்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளைக்கு இப்போது ஐந்து வயசு என்றால் அரசாங்கப் பாட்டு வர இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.