பாக்கெட் தீனியும் பெரியவர்களின் மறதியும்

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில், பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். காலையில் டீயோடு நாலு பிஸ்கட், பதினோரு மணிக்குப் பாலில் கலக்கிய சத்துப் பவுடர், சாயங்காலம் ரஸ்க். பல் போனவர்களுக்கு ரஸ்க்கை டீயில் நனைத்துத் தின்பது சுலபம். அடுப்பு பற்றவைக்கும் வேலையும் இல்லை. நாளடைவில் இதுவே பாதிச் சாப்பாடாகிவிடும்போதுதான் கவலை தொடங்குகிறது.

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டேரோ, எந்த அளவுக்குப் பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்து உணவை நான்காகப் பிரித்தார். நான்காவது வகை, அதிகம் பதப்படுத்தியது. நம் அடுக்களையில் இல்லாத பொருட்கள் அதில் இருக்கும்: நிறமி, செயற்கை மணம், பால்மமாக்கிகள், மால்டோடெக்ஸ்ட்ரின். பிஸ்கட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், குளிர்பானம் எல்லாம் இதில் அடங்கும். தெருமுனைக் கடையில் கடலை மாவு பிசைந்து போட்ட மிக்சர் பெரும்பாலும் இந்த வகையில் வராது. ஆனால் உப்பும் எண்ணெயும் அதிலும் ஏராளம். அதனால் அதையும் தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூளைக்கும் அதிகம் பதப்படுத்திய உணவுக்கும் என்ன தொடர்பு? பிரிட்டனில் 55 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேரின் உணவையும் உடல்நலத்தையும் சுமார் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். அன்றாட உணவில் இந்த வகையின் பங்கு 10 சதவீதம் கூடக்கூட, டிமென்ஷியா எனும் மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிரேசிலில் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், இதை அதிகம் சாப்பிட்டவர்களின் ஒட்டுமொத்த அறிவாற்றல் 28 சதவீதம் வேகமாகக் குறைந்தது.

பயமுறுத்தும் எண்கள்தான். ஆனால் இவை, அந்த உணவும் மறதியும் சேர்ந்து வருகின்றன என்று மட்டுமே சொல்கின்றன. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று சொல்லவில்லை. மறதி ஆரம்பித்தவர்களில் பலர் சீக்கிரமே சமையலை விட்டுவிடுகிறார்கள். குழம்புக்குப் புளி கரைத்தோமா, உப்பு போட்டோமா என்று குழம்புகிறவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொள்கிறார். அப்படியானால் பிஸ்கட் மறதியைக் கொண்டுவந்ததா, மறதி பிஸ்கட்டைக் கொண்டுவந்ததா? காய்கறி, கீரை, பருப்பு, மீன் நிறைந்த உணவு மூளையைக் காக்குமா என்று அமெரிக்காவில் மூன்றாண்டுகள் சோதித்து, 2023-இல் முடிவு சொன்னார்கள். ஒப்பீட்டுக்கு வைத்த இன்னொரு குழுவைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்றாண்டு என்பது குறைந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், கெட்ட கொழுப்பு ஆகிய நான்கும் டிமென்ஷியாவுக்கான ஆபத்துகள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்டது. மூளையின் மிக மெல்லிய ரத்தக்குழாய்களை இவை ஆண்டுக்கணக்கில் கெடுக்கின்றன. இனிப்பும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பாக்கெட் உணவு இந்த நான்கையும் வளர்க்கிறது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் கணக்கிட்டது. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக இன்னோர் ஆய்வு சொல்கிறது. இரண்டு கூட்டமும் தனித்தனி அல்ல.

ஆகவே பழியை எல்லாம் பாக்கெட்டின் மேல் போட்டுவிட முடியாது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஊறுகாய், இரண்டு அப்பளம், பேருக்குக் கொஞ்சம் பொரியல் என்று சாப்பிட்டால் வீட்டுச் சமையலும் அதே வழியில்தான் கொண்டுபோகும். சோற்றைக் குறைத்து, சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். பகலில் தனியாக இருப்பவர்களுக்கு அவித்த சுண்டலோ வேகவைத்த முட்டையோ வாழைப்பழமோ கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பழத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். 'சத்து' என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பாமல், பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை நிறுத்தாமல் எடுக்கிறார்களா என்று பாருங்கள். 2021 முதல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வருகின்றன.

மறதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகப் போடுகிறவர்களுக்கும், அசைவம் தொடாதவர்களுக்கும் பி12 வைட்டமின் குறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குறைவாலும் மறதி வரும். கண்டுபிடித்தால் ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுகட்டிவிடலாம். மறதியை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடுவதற்கு முன், மருத்துவரிடம் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.