பெயோட்டிக் கள்ளி: பூர்வகுடிகள் ஏன் சந்தையை மறுக்கிறார்கள்?

2022 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். மனநிலையை மாற்றும் சில இயற்கைப் பொருட்களை 21 வயது நிரம்பியவர்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பது இனிக் குற்றமில்லை என்றது அந்தச் சட்டம். சைலோசிபின் காளான், டிஎம்டி, இபோகெய்ன், மெஸ்கலின் ஆகியவை பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் மெஸ்கலினுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: பெயோட்டிக் கள்ளியிலிருந்து கிடைப்பது இதில் சேராது. மெஸ்கலினை உலகம் முதலில் அறிந்ததே பெயோட்டியிலிருந்துதான். ஜெர்மானிய வேதியியலாளர் ஆர்தர் ஹெஃப்டர் 1897இல் அதைப் பிரித்தெடுத்தார். அப்படியிருக்க அந்தச் செடியை மட்டும் ஏன் விலக்க வேண்டும்? இந்த விலக்குக்குப் பின்னால் இருப்பது பெயோட்டியை வழிபாட்டின் மையத்தில் வைத்திருக்கும் பூர்வகுடி மக்களின் கோரிக்கை. எங்கள் செடியை உங்கள் விடுதலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். இதைப் பழைமைவாதம் என்றோ, கிடைத்த நன்மையைப் பகிர மனமில்லாத குணம் என்றோ ஒதுக்குபவர்கள் உண்டு. ஆதாரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த மறுப்பில் கூர்மையான ஓர் அரசியல் நியாயம் இருப்பது தெரியும்.

பெயோட்டி முள்ளில்லாத சின்னஞ்சிறு கள்ளி. சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், தரையோடு தரையாகப் பதுங்கிக் குமிழ்போல இருக்கும். மெக்சிகோவின் பாலைப் பகுதிகளையும் அதையொட்டிய தெற்கு டெக்சாஸ் புதர்க்காட்டையும் விட்டால் இயற்கையில் அதற்கு வேறு வாழிடம் இல்லை. விதையிலிருந்து முளைத்து அறுக்கும் பருவத்துக்கு வரப் பத்தாண்டுகூட ஆகலாம். அறுக்கத் தெரிந்தவர்கள் மண்ணுக்கு மேலே தெரியும் பச்சைத் தலையை மட்டும் சீவி எடுப்பார்கள். கிழங்கு போன்ற வேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும். தெரியாதவர்கள் வேரோடு பிடுங்கிவிட்டால் செடி அத்தோடு போயிற்று. டெக்சாசில் அது வளரும் நிலம் ஏறக்குறைய முழுவதும் தனியார் பண்ணைகளாக இருக்கிறது. மேய்ச்சலுக்காக மண்ணை ஆழ உழுது புரட்டுவதாலும், எண்ணெய்க் கிணறுகளாலும், காற்றாலைகளாலும், திருட்டு அறுவடையாலும் அதன் பரப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. மாநில அரசின் உரிமம் பெற்ற விற்பனையாளர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், மட்டுமே வழிபாட்டுக்காக அதைச் சட்டப்படி விற்க முடியும். 1990களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் விற்ற கள்ளித் தலைகளின் எண்ணிக்கை பின்னர் குறைந்தது. கிடைப்பவற்றின் அளவும் சிறுத்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை எளிதில் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களில் ஒன்றாக வகைப்படுத்தியிருக்கிறது. பெயோட்டியை வழிபாட்டில் பயன்படுத்தும் அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையின் உறுப்பினர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. இவர்களுக்கே போதாத ஒரு செடிமீது பெருநகரங்களின் ஆர்வமும் திரும்பினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

பற்றாக்குறை ஒன்றே காரணமாக இருந்திருந்தால் வளர்ப்புத் தோட்டங்கள் போட்டுத் தீர்த்துவிடலாம். அதைவிட ஆழமானது இந்தச் செடிக்காக அந்த மக்கள் பட்ட பாடு. டெக்சாசின் ஷும்லா குகைகளில் கிடைத்த பெயோட்டித் துண்டுகள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமை கொண்டவை. 1620இல் ஸ்பானிய மத விசாரணை மன்றம் மெக்சிகோவில் பெயோட்டியைத் தடைசெய்தது. 1883இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விதிகள் பூர்வகுடிச் சடங்குகளையே தண்டனைக்குரியவை ஆக்கின. 1918இல் ஓக்லஹோமாவில் திருச்சபை என்ற பெயரில் பதிவு செய்துகொண்டது, தங்கள் வழிபாட்டுக்குச் சட்டத்தின் நிழல் தேடி அவர்கள் எடுத்த முடிவு. அதற்குப் பிறகும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கிளாமத் இனத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஸ்மித் சடங்கில் பெயோட்டி உண்டதற்காக வேலையை இழந்தார்; வேலையிழப்பு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு செல்லும் என்று 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பிறகு, 1994இல்தான் பழங்குடியினர் சடங்குக்காகப் பெயோட்டியைப் பயன்படுத்துவதற்குத் தேசிய அளவில் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சிறைக்கும் அவமானத்துக்கும் ஆளாகிப் பெற்ற உரிமை இது. அந்தக் காலமெல்லாம் இதைப் போதைப்பொருள் என்று பழித்த சமூகம் இன்று இதையே மனநல மருந்தென்று கொண்டாடி, தனக்கும் பங்கு வேண்டும் என்கிறது.

2019 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகர மன்றம் மனநிலையை மாற்றும் தாவரங்களின் பயன்பாட்டைக் காவல்துறை கடைசி முன்னுரிமையாகக் கருத வேண்டும் என்று தீர்மானித்தபோது, மெஸ்கலின் கொண்ட கள்ளிகளும் அதில் அடங்கின. மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றத் தொடங்கின. 2020இல் பூர்வகுடித் திருச்சபைகளின் தேசிய மன்றமும் பூர்வகுடிப் பெயோட்டிப் பாதுகாப்பு முயற்சி என்ற அமைப்பும் கூட்டாக அறிக்கை விட்டு, இத்தகைய தீர்மானங்களில் பெயோட்டியைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. வெறும் மறுப்போடு இவர்கள் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு அமைப்பின் முயற்சியால் தெற்கு டெக்சாசில் 605 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டு, நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன. வேர் சாகாமல் அறுக்கும் முறை இளையவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் வலுவானது. மெஸ்கலினை ஆய்வகத்தில் தயாரிக்க முடியும். வேதியியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்பேத் 1919இலேயே செய்து காட்டிவிட்டார். பிறகு செடிக்கு என்ன ஆபத்து? செடியின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. செயற்கை மெஸ்கலின் ஒரு கள்ளியையும் அறுப்பதில்லை. ஆனால் செடியைத் தொடாமலும் ஒரு மரபைச் சூறையாடலாம் என்பதற்கு மெக்சிகோவின் ஓஹாக்கா மலைகளில் நடந்தது சாட்சி. மசாடெக் இன வைத்தியர் மரியா சபினாவின் காளான் சடங்கில் கலந்துகொண்ட வங்கியாளர் கார்டன் வாசன், 1957 மே மாதம் ‘லைஃப்’ இதழில் அதைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே சாண்டோஸ் மருந்து நிறுவனத்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் சைலோசிபினைப் பிரித்தெடுத்தார். நிறுவனம் அதை மாத்திரையாக்கியது. ஊருக்குள் வெளியாட்கள் குவிந்தார்கள், காவல்துறை வந்தது, மரியா சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. அவர் 1985இல் வறுமையில் இறந்தார். இன்று செயற்கை சைலோசிபினின் ஒரு படிக வடிவத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வைத்திருப்பது காம்பஸ் பாத்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். அந்த ஊரில் காளான் இன்றும் முளைக்கிறது. ஆனால் சடங்கு எப்படி, யாரால், யாருக்காக நடக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் அவர்கள் கையைவிட்டுப் போனது.

சட்டம் இந்த இழப்பைக் கண்டுகொள்வதில்லை. அமேசான் பூர்வகுடிகள் சடங்கில் அருந்தும் அயவாஸ்கா பானத்துக்கான கொடியின் ஒரு வகைக்கு லோரன் மில்லர் என்ற அமெரிக்கர் 1986இல் காப்புரிமை பெற்றார். அமேசான் படுகையின் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பு 1999இல் மறுஆய்வு கோரியது. இது எங்கள் புனிதச் செடி, யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பது அவர்கள் முன்வைத்த வாதம். காப்புரிமை அலுவலகம் முதலில் காப்புரிமையை நிராகரித்தது உண்மைதான். ஆனால் அதற்குச் சொன்ன காரணம், அதே செடியின் உலர்ந்த மாதிரி ஏற்கெனவே சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்தது என்பது. தலைமுறை தலைமுறையாக அதைப் பயிரிட்ட மக்களின் சாட்சியம் தீர்ப்பை நிர்ணயிக்கவில்லை. 2001இல் காப்புரிமை மீண்டும் உயிர்பெற்று, 2003இல் தன் காலம் முடிந்துதான் ஒழிந்தது.

அப்படியானால் லாபத்தில் பங்கு கொடுத்துவிடலாமே என்பது அடுத்த வாதம். மெஸ்கலினைக் குடிநோய்க்கு மருந்தாக்க முனைந்த ஜர்னி கொலாப் நிறுவனம், தன் பங்குகளில் ஒரு பகுதியைப் பூர்வகுடிகள் உள்ளிட்டோருக்கான அறக்கட்டளைக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. எடுத்துக்கொண்டு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் பங்கு என்பது விற்பது முடிவான பிறகு எழும் பேச்சு. விற்கலாமா என்ற கேள்வியை அது கடந்துவிடுகிறது. நமக்கு அருகிலேயே இதற்குப் பாடம் உண்டு. அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணி மக்களின் ஆரோக்கியப்பச்சைச் செடி பற்றிய அறிவிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தைத் தயாரிக்கும் உரிமம் 1990களில் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே மெச்சிய ஏற்பாடு அது. ஆனால் பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்களில் ஒரு பிரிவினர் தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை அப்போதே எதிர்த்தார்கள். ஒப்பந்தத்தில் அவர்கள் குரலுக்கு இடமிருக்கவில்லை.

பூர்வகுடிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லையே என்பவர்கள் பெருவின் அயவாஸ்கா விடுதிகளைக் காட்டுவார்கள். அங்கே ஷிபிபோ வைத்தியர்களே வெளிநாட்டினருக்குச் சடங்கு நடத்திப் பிழைக்கிறார்கள். உண்மை. எந்தச் சமூகத்திலும் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை, வறுமையும் முடிவுகளை வளைக்கும். ஷிபிபோக்கள் தங்கள் மரபைப் பற்றி எடுக்கும் முடிவு அவர்களுடையது. அதை வைத்து, அயவாஸ்காவை யாகே என்று அழைக்கும் கொலம்பிய அமேசானின் வைத்தியர்களோ டெக்சாசில் பெயோட்டியைப் பேணுபவர்களோ சொல்லும் மறுப்பைத் தள்ளுபடி செய்ய முடியாது. இறுதியாக, மன அழுத்தத்தில் தவிக்கும் நோயாளியின் பெயரால் வரும் வாதம். அவருடைய வேதனை உண்மையானது, அதை அலட்சியப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பெயோட்டியைத் தொடாமலே அவருக்கு மருந்து தர முடியும் என்று மேலே பார்த்தோம். இயற்கை மெஸ்கலினே வேண்டுமென்றால் வேகமாக வளரும் சான் பெட்ரோ கள்ளியிலும் அது உண்டு, ஆண்டிஸ் மக்களின் மரபையும் மதித்துத்தான் அதைத் தொட வேண்டும் என்றாலும். நோயாளிக்குத் தேவைப்படாத ஒன்றை அவர் பெயரைச் சொல்லிக் கேட்பது முதலீட்டாளரின் தேவை.

2024 மே மாதம் ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. மரபணு வளத்தையும் மரபறிவையும் அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர்கள் அவை எந்த நாட்டிலிருந்து, எந்த மக்களிடமிருந்து வந்தவை என்று தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கால் நூற்றாண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கிடைத்த இந்த முன்னேற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த மக்கள் சம்மதித்தார்களா என்று நிரூபிக்கும்படி ஒப்பந்தம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சம்மதம் சட்டத்தில் கட்டாயமாகும்வரை பெயோட்டியைப் பட்டியலுக்கு வெளியே வைத்த கொலராடோவின் முடிவே மற்ற மாநிலங்களும் நாடுகளும் பின்பற்ற வேண்டிய நெறி.