அமானிதம்: விடைத்தாளிலும் வட்டையிலும்

வரிப்பத்தான்சேனைப் பக்கம் ஒன்பதாம் தரத்துக்கு இஸ்லாம் பாடம் எடுத்த காலத்தில், தவணைப் பரீட்சையில் அமானிதம் பேணுதல் பற்றி ஒரு வினா கொடுத்தேன். இரண்டு பேரின் விடை, எழுத்துப் பிழை உட்பட, ஒன்றாகவே இருந்தது. பார்த்து எழுதியவனை வகுப்பின் முன்னால் எழுப்பிவிட்டு, “அமானிதத்தையே களவாகவா எழுதினாய்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். “மார்க்ஸ் குறைஞ்சா வாப்பா ஏசுவார் எண்டுதான் சேர்” என்றான். அதன் பிறகு என் பாடத்தில் அவன் வாய் திறந்ததில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பின்னர்தான் நிதானமாக வாசித்தேன். நல்லது செய்தால் பலர் முன் பாராட்ட வேண்டும். ஒரு தடவை தவறினால், அதுவும் பிள்ளை அதை மறைக்க முயன்றால், காணாததுபோல் விட்டுவிட வேண்டும். வெளிப்படுத்தினால் வெட்கம் போய்த் துணிச்சல் வந்துவிடும். மறுபடியும் செய்தால் தனியே கண்டிக்கலாம்.

இது வெறும் இரக்கம் அல்ல. இதற்குப் பின்னால் ஓர் ஒழுக்கத் தத்துவம் இருக்கிறது. குணம் என்பது, யோசித்துக் கணக்குப் பார்க்காமலே செயல் எளிதாகப் பிறக்கும் உள்ளத்தின் நிலை. கஸ்ஸாலிக்கு முன்னரே, 1030இல் மறைந்த மிஸ்கவைஹ் ‘தஹ்தீபுல் அக்லாக்’கில் இப்படி விளக்கினார். அதன் வேர் அரிஸ்டோட்டிலிடம் உண்டு. அழகாக எழுத விரும்புகிறவன் எழுத்தாளரின் கையைப் பார்த்து எழுதி எழுதியே பழகுகிறான். கொடையாளியாக விரும்புகிறவனும் முதலில் மனமில்லாமலேனும் கொடுத்துப் பழக வேண்டும் என்பது கஸ்ஸாலியின் உவமை.

பழக்கம் மட்டும் போதுமா? 1785இல் காண்ட் எழுதிய நூலின்படி, கடமை என்று உணர்ந்து செய்வதற்கே ஒழுக்கப் பெறுமதி உண்டு. நமக்கு இது புதிதல்ல, நிய்யத் இல்லாத அமலைப் பற்றி மத்ரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு எது முதலில் வரும்? எங்கள் ஊரில் தண்ணீர் முறைக்காக இரவில் வட்டைக்குப் போகும் வாப்பாவோடு பிள்ளையும் போகும். பக்கத்து வயல்காரர் உறக்கம். வரம்பை ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துவிடும். வாப்பா வெட்டாமல் காத்திருக்கிறார். பிள்ளை “ஏன் வாப்பா?” என்று கேட்கும்போதுதான் காரணம் வருகிறது.

கஸ்ஸாலியோடு ஓரிடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பரீட்சையில் காணாததுபோல் விட முடியாது, மற்றவனின் உழைப்பும் அதில் இருக்கிறது. இப்போதெல்லாம் புள்ளியைக் குறைத்துவிட்டு, பாடம் முடிந்ததும் தனியே கூப்பிட்டுப் பேசுகிறேன்.