இதயத் தளர்ச்சியும் தசை மெலிவும்

இதயம் தளர்ந்தவர் கொல்லிமலைச் சரிவொன்றில் ஏறுகையில் மூச்சு வாங்கினால், பழியை இதயத்தின் மீதே சுமத்துகிறோம். கால் தசைகள் கரைந்திருப்பதும் ஒரு காரணம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. இதயச் செயலிழப்பில் குருதியோட்டம் குறைகிறது; அழற்சி ஓங்குகிறது; பசி மங்குகிறது. உடல் தன் தசைப் புரதத்தையே சிதைக்கத் தலைப்படுகிறது. மெலிந்த தசை விரைவில் களைப்பதால் நோயாளி மேலும் முடங்குகிறார்.

1997இல் ஸ்டெஃபான் ஆங்கர் குழுவினர் லண்டனில் 171 நோயாளிகளை ஆராய்ந்து கண்ட முடிவு திடுக்கிட வைப்பது. எடையில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் இழந்தோருள் 18 மாதங்களில் இறந்தோர் 50 விழுக்காட்டினர். ஏனையோருள் 17 விழுக்காட்டினரே. பருமனே இதயத்துக்குப் பகை என்று கேட்டுப் பழகிய நமக்கு இது விந்தைதான்.

இங்கே தராசும் ஏமாற்றும். காலிலும் வயிற்றிலும் தேங்கும் நீர், கரைந்த தசையின் எடையை ஈடுகட்டிவிடுகிறது. கைப்பிடியின் வலுவும் நடையின் வேகமும் தராசைவிட மெய்யானவை.

கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறிவிட்டது. 100 கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ 1 கிராமே. உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பப்படும் நோயாளி, பெரும்பாலும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்குப் பருப்பும் முட்டையும் மீனும், அளவான உடற்பயிற்சியும் வேண்டும். சிறுநீரகமும் பழுதுற்றவராயின் புரத அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும்.