மஞ்சள் கடுதாசி கொடுத்தாரா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் மாதத்தில் செய்வது என்ன? மெயில் பார்ப்பது, பாட்டுக் கேட்பது, ரயில் டிக்கெட் எடுப்பது. இவற்றுடன் இன்னொன்றையும் கற்றுக் கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. அது கோர்ட் வழக்குகளைத் தேடிப் பார்ப்பது. நமக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கைமாற்றுக் கொடுத்தவர், சீட்டுப் போட்டவர், இடம் வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறவர் என எல்லாருக்கும் இது உதவும்.

அகரம், தாடிக்கொம்பு, திண்டுக்கல் பக்கம் டீக்கடைகளில் அவ்வப்போது ஒரு பேச்சு அடிபடும். "அவரு ஐ.பி. குடுத்துட்டாராம்" என்பார்கள். மஞ்சள் கடுதாசி என்பதும் அதுதான். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு. இந்தப் பேச்சு உண்மையா, வதந்தியா என்று தெரிந்து கொள்ள முன்பு கோர்ட் வாசலில் காத்திருக்க வேண்டும். 2007ல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டம் வளர்ந்து, இப்போது மாவட்ட கோர்ட் வழக்கு விவரங்கள் வீட்டிற்கே வந்துவிட்டன. கட்டணம் எதுவும் இல்லை.

எந்தக் கோர்ட்?

தேடும் முன் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். சென்னை நகரில் தனி நபர் திவால் மனுக்கள் 1909ம் ஆண்டுச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் செல்லும். மற்ற மாவட்டங்களுக்கு 1920ம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். இந்த மனுக்களைப் பெரும்பாலும் சார்பு நீதிமன்றங்கள், அதாவது சப் கோர்ட்டுகள் விசாரிக்கின்றன. கடனாளி எங்கே வசிக்கிறாரோ, எங்கே தொழில் செய்கிறாரோ அந்தப் பகுதிக்கான கோர்ட்டில்தான் மனு இருக்கும். எனவே அகரத்தில் குடியிருப்பவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது திண்டுக்கல். பழனியில் கடை வைத்திருந்தால் பழனியையும் பார்த்துவிடுங்கள்.

நொடித்தது ஒரு கம்பெனி என்றால் வழி வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தேடும் வழி

1. உங்கள் பிரவுசரைத் திறந்து, கூகுளில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். முகவரியின் இறுதியில் 'ஜிஓவி டாட் இன்' என்று இருக்கும் தளத்தை மட்டும் கிளிக் செய்திடவும். இதே போன்ற பெயரில் தனியார் தளங்களும் உண்டு. பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

2. தளம் திறந்தவுடன் கிடைக்கும் மெனுவில் 'கேஸ் ஸ்டேட்டஸ்' என்பதில் கிளிக் செய்திடவும்.

3. அடுத்து மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் என வரிசையாகக் கேட்கும். தமிழ்நாடு, திண்டுக்கல், பின் திண்டுக்கல் நகர வளாகம் எனத் தேர்ந்தெடுக்கவும். ஒரே வளாகத்தில் பல கோர்ட்டுகள் இருந்தால் அதையும் கேட்கும். அப்போது சப் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. இப்போது பல டேப்கள் தெரியும். அவற்றில் 'பார்ட்டி நேம்' என்பதைக் கிளிக் செய்து, கட்டத்தில் பெயரையும் ஆண்டையும் டைப் செய்திடவும். பெயரில் குறைந்தது மூன்று எழுத்துகள் வேண்டும்.

5. கீழே 'பெண்டிங்', 'டிஸ்போஸ்டு', 'போத்' என மூன்று வட்டங்கள் இருக்கும். நடப்பு வழக்கு, முடிந்த வழக்கு, இரண்டும் என்று பொருள். 'போத்' என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

6. கோணல் மாணலாக எழுத்துகள் கொண்ட சிறு படம் ஒன்று இருக்கும். இதற்கு 'கேப்ட்சா' என்று பெயர். தேடுவது மனிதர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு இது. அதில் உள்ளதை அப்படியே டைப் செய்து 'கோ' பட்டனை அழுத்தவும். படிக்க முடியவில்லை என்றால் பக்கத்தில் உள்ள வட்ட அம்புக்குறியை அழுத்தினால் வேறு படம் வரும்.

பட்டியல் வந்ததும் வழக்கு எண்ணின் முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஐ.பி. என்று இருப்பவைதான் திவால் மனுக்கள். பெயர் சரியாகத் தெரியாதபோது 'கேஸ் டைப்' என்ற டேப் உதவும். அதில் திவால் மனு வகையையும் ஆண்டையும் கொடுத்தால் அந்தக் கோர்ட்டில் அந்த ஆண்டு பதிவான மனுக்கள் மொத்தமாக வரும்.

பெயரில்தான் சிக்கல்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தளத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். கந்தசாமியின் நடுவில் 'டிஎச்' போடுபவரும் உண்டு, வெறும் 'டி' போடுபவரும் உண்டு. சண்முகத்தை ஒருவர் 'எஸ்எச்' என்று தொடங்குவார், மற்றவர் 'எஸ்' என்று தொடங்குவார். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும்.

எனவே முழுப் பெயரை டைப் செய்யாதீர்கள். மாறாத நான்கைந்து எழுத்துகளை மட்டும் கொடுங்கள். கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றி மீண்டும் தேடுங்கள். கடையின் பெயரிலும் ஒரு முறை தேடுங்கள். ஆண்டையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நம் பக்கம் ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் ஒரு தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். எதிரே உள்ள 'வியூ' என்பதைக் கிளிக் செய்து உள்ளே சென்று பாருங்கள். மனுதாரர், எதிர் மனுதாரர்கள், வக்கீல்கள், தாக்கலான தேதி, அடுத்த விசாரணைத் தேதி, எந்தச் சட்டம், இதுவரை நடந்தவை என எல்லாம் அங்கே கிடைக்கும். உத்தரவு பதிவேற்றப்பட்டிருந்தால் அது பி.டி.எப். பைலாகத் திறக்கும். தகப்பனார் பெயரும் முகவரியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

உங்கள் பெயரையும் தேடுங்கள்

கடனாளி தானே திவால் மனு போடும்போது, கடன் கொடுத்தவர்களை எதிர் மனுதாரர்களாகச் சேர்ப்பார். ஆகவே கடன் கொடுத்தவரின் பெயரும் தேடலில் கிடைக்கும். இதை நான் நேரில் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர், மகன் வாங்கித் தந்த கம்ப்யூட்டர் முன் என்னை உட்கார வைத்து, "தம்பி, அந்த ஆளு மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்னு சொல்றாங்க, நெசமான்னு பாரு" என்றார். அந்தப் பெயரை மூன்று விதமாக எழுதித் தேடியும் சிக்கவில்லை. பெரியவரின் பெயரையே டைப் செய்தேன். ஒரே முயற்சியில் வழக்கு வந்தது. பதினோரு எதிர் மனுதாரர்களில் அவர் ஏழாவது. நோட்டீஸ் அவரது பழைய வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. அடுத்த விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே புரோநோட்டை எடுத்துக் கொண்டு வக்கீலைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒன்பது நாள் ஏன் முக்கியம்? திவால் என்று கோர்ட் அறிவித்துவிட்டால் கடனாளியின் சொத்துகள் கோர்ட்டிடமோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவரிடமோ போய்விடும். அதன் பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது. உங்கள் கடனை நிரூபித்துப் பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். கடனாளிக்கு விடுதலை உத்தரவு கிடைக்கும் வரை இதற்கு வாய்ப்பு உண்டு. விடுதலை கிடைத்துவிட்டால், மோசடியால் ஏற்பட்ட கடன் போன்ற சில தவிர, மற்றவை தீர்ந்து போகும்.

இடம் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். வில்லங்கச் சான்று பார்த்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அது பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிவானதைத்தான் காட்டும். கோர்ட்டில் நிலுவையில் உள்ள ஐ.பி. மனு அதில் தெரிய வேண்டும் என்பதில்லை. திவால் உத்தரவோ, மனு தாக்கலான நாளிலிருந்தே அமலானதாகக் கருதப்படும். இலவசமாகவும் அடிமாட்டு விலைக்கும் உறவினருக்கு மாற்றிய சொத்து என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மனு வந்தால் அந்த மாற்றத்தை ரத்து செய்யவும் வழி உண்டு. விற்பவர் பெயரை இந்தத் தளத்தில் தேட ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கம்பெனி என்றால்

பிரைவேட் லிமிடெட், லிமிடெட் கம்பெனிகளுக்கு 2016ம் ஆண்டின் திவால் சட்டம் உள்ளது. இவ்வழக்குகள் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் நடக்கும். கம்பெனி மீது நடவடிக்கை தொடங்கியதும், கடன் கொடுத்தவர்கள் உரிமை கோரலாம் என்று பொது அறிவிப்பு வெளியிட வேண்டும். இந்திய திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ. தளத்தில் 'பப்ளிக் அனவுன்ஸ்மென்ட்' பகுதியில் கம்பெனி பெயரைக் கொடுத்து இதைத் தேடலாம். உரிமை கோரக் கடைசி நாள் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். தேதியை முதலில் பாருங்கள்.

மற்ற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் திவால் வழக்குகளுக்குத் தனி மத்திய கோர்ட்டுகள் உள்ளன. 'பேசர்' என்ற தளத்தில் பக்கத்திற்கு 10 சென்ட் கட்டிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் திவாலான தனி நபர் பட்டியலை இலவசமாகவே தேடலாம். நம் நாட்டில் எல்லாக் கோர்ட்டுக்கும் சேர்த்துத் தனி நபர்களின் ஒரே பட்டியல் இல்லை. கோர்ட் கோர்ட்டாகத்தான் தேட வேண்டும்.

சில டிப்ஸ்

* ஒவ்வொரு வழக்கிற்கும் 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அதைக் குறித்து வைத்தால் அடுத்த முறை பெயர், ஊர் எதுவும் தேவையில்லை. அந்த எண் மட்டும் போதும்.

* பக்கத்தைச் சேமிக்க கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டர் இருக்கும் இடத்தில் 'சேவ் ஆஸ் பி.டி.எப்.' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பைலின் பெயரில் தேதியையும் சேர்த்துக் கொள்ளவும்.

* பாதியில் எழுந்து போய் வந்தால் தளம் 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று சொல்லும். பயப்பட வேண்டாம். முதலிலிருந்து தொடங்கினால் போதும்.

* எதுவும் கிடைக்கவில்லை என்றால் வழக்கே இல்லை என்று பொருள் அல்ல. பழைய வழக்குகள் பல காகிதக் கட்டுகளில்தான் உள்ளன. பெரிய தொகை என்றால் வக்கீல் மூலம் கோர்ட் பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* திரையில் தெரிவது தகவலுக்கு மட்டுமே. சாட்சியமாகக் காட்ட, கோர்ட் நகல் பிரிவில் மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. மனுப் போட்டவர் எல்லாம் திவாலானவர் அல்லர். மனு தள்ளுபடியாகியும் இருக்கலாம். முடிந்த வழக்கில் எப்படி முடிந்தது என்பதையும் படியுங்கள். கடனில் நொடித்துப் போவது ஒருவருக்குத் துன்பம்தான், குற்றம் அல்ல. எனவே கிடைத்த பக்கத்தை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். உங்கள் பணத்தைக் காப்பாற்ற மட்டும் பயன்படுத்துங்கள். இன்று மாலை, முதல் பயிற்சியாக உங்கள் பெயரையே ஒரு முறை தேடிப் பாருங்களேன்.